பல் இல்லாமல் மலை ஏறும் ரயில்

இத்தாலி நாட்டின் வட எல்லையில் திரானோ என்று ஒரு சிற்றூர். அங்கே 16ஆம் நூற்றாண்டில் கட்டத் தொடங்கிய ஒரு பெரிய மாதா கோயில் இருக்கிறது. கோயிலுக்கு முன்னால் கடைத்தெரு. அந்தத் தெருவின் நடுவே சிவப்பு நிற ரயில் ஒன்று மணியடித்துக்கொண்டு மெல்ல வரும். கார்களும் சைக்கிள்களும் ஒதுங்கி நிற்கும். தேருக்கு வழிவிடுவதுபோல் மக்களும் விலகி நிற்பார்கள். ரயில் கடந்ததும் தெரு பழையபடி தெருவாகிவிடும்.

இந்த ரயில் இரண்டேகால் மணி நேரத்துக்கு முன்னால் வேறொரு நாட்டில் புறப்பட்டது. ஸ்விட்சர்லாந்தின் செயின்ட் மோரிட்ஸ் நகரத்தை விட்டு, ஆல்ப்ஸ் மலைத்தொடரை மேலே ஏறிக் கடந்து, எல்லையைத் தாண்டி இங்கே வந்திருக்கிறது. இந்த வழிக்குப் பெர்னினா ரயில்பாதை என்று பெயர். நீளம் சுமார் 61 கிலோமீட்டர்தான். நம் ஊர்க் கணக்கில் இது ஒரு பாசஞ்சர் வண்டி ஓடும் தூரம். ஆனால் பௌதிகம் படிக்கும் மாணவனுக்கு இந்த 61 கிலோமீட்டரில் ஒரு வருஷத்துப் பாடம் அடங்கியிருக்கிறது.

முதலில் உயரங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். செயின்ட் மோரிட்ஸ் கடல் மட்டத்துக்கு மேல் 1775 மீட்டர். வழியிலுள்ள மிக உயர்ந்த நிலையம் ஓஸ்பிட்ஸியோ பெர்னினா, 2253 மீட்டர். திரானோ வெறும் 429 மீட்டர். அதாவது கணவாயின் உச்சியிலிருந்து திரானோவுக்குச் சுமார் 38 கிலோமீட்டர் தூரத்தில் 1824 மீட்டர் இறங்க வேண்டும்.

இந்த எண்களைப் பார்த்ததும் உங்களுக்கு நம் நீலகிரி ரயில் நினைவுக்கு வர வேண்டும். மேட்டுப்பாளையம் 326 மீட்டர், உதகமண்டலம் 2203 மீட்டர், தூரம் 46 கிலோமீட்டர். இரண்டும் ஏறக்குறைய ஒரே உயரம்! ஒற்றுமை இதோடு நிற்கவில்லை. இரண்டு பாதைகளிலும் தண்டவாளங்களுக்கு இடையே உள்ள அகலம் 1 மீட்டர்தான். நம் ரயில் உதகை வரை போய்ச் சேர்ந்தது 1908இல். பெர்னினா பாதையின் முதல் பகுதிகள் திறக்கப்பட்டதும் அதே 1908இல். நீலகிரி ரயில் 2005இலும் பெர்னினா பாதை 2008இலும் யுனெஸ்கோவின் உலக பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றன. ஆனால் ஒரு பெரிய வேற்றுமை உண்டு. கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே நம் ரயில் பற்சக்கரத்தைக்கொண்டு ஏறுகிறது. பெர்னினா ரயிலுக்குப் பற்சக்கரமே கிடையாது. ஏன்? அதைத்தான் நாம் இங்கே ஆராயப் போகிறோம்.

இடையில் ஒரு சொல் விளக்கம். நம் நாட்டில் 'மீட்டர் கேஜ்' வேறு, 'நாரோ கேஜ்' வேறு என்று பிரித்துச் சொல்வது வழக்கம். உலக வழக்கில் 1435 மி.மீ. அகலத்தையே நியமப் பாதை என்கிறார்கள். அதைவிடக் குறைந்தது எல்லாமே குறுகிய பாதைதான். அந்தக் கணக்கில் பெர்னினாவும் நீலகிரியும் குறுகிய பாதைகளே.

உராய்வு எவ்வளவு தாங்கும்?

பெர்னினா பாதையின் மிகச் செங்குத்தான சரிவு 7 சதவீதம். 100 மீட்டர் ஓடினால் 7 மீட்டர் ஏற வேண்டும். கோணமாகச் சொன்னால் சுமார் 4 டிகிரிதான். சைக்கிளில் போகிறவருக்கே அது பெரிய மேடாகத் தெரியும் என்றாலும் மாட்டு வண்டி ஏறிவிடும். ரயிலுக்கு மட்டும் ஏன் இது பெரிய சோதனை? எஃகுச் சக்கரம் எஃகுத் தண்டவாளத்தின்மேல் ஓடுகிறது. இரண்டும் வழவழப்பானவை. சமதளத்தில் இந்த வழவழப்பு ஒரு வரம். ஒரு டன் எடையை உருட்டிக்கொண்டு போகச் சில கிலோகிராம் விசை போதும். மலையில் அதே வழவழப்பு பகையாகிவிடுகிறது.

நீங்களே ஒரு சோதனை செய்து பாருங்கள். 30 செ.மீ. நீளமுள்ள எஃகு அளவுகோல் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதன்மேல் ஒரு ரூபாய் நாணயத்தை வையுங்கள். அளவுகோலின் ஒரு முனையை மெதுவாக உயர்த்துங்கள். முனை 2.1 செ.மீ. உயர்ந்தால் அதுதான் பெர்னினாவின் 7 சதவீதச் சரிவு. நாணயம் வழுக்காது. மேலும் உயர்த்திக்கொண்டே போங்கள். எந்த உயரத்தில் வழுக்கத் தொடங்குகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்த உயரத்தை அடித்தளத்தின் நீளத்தால் வகுத்தால் உராய்வுக் கெழு கிடைக்கும். பிறகு அளவுகோலில் லேசாக எண்ணெய் தடவித் துடைத்துவிட்டு மறுபடியும் செய்யுங்கள். இரண்டு விடைகளையும் ஒப்பிட்டால், மழைநாளில் ரயில் ஓட்டுபவரின் கவலை உங்களுக்குப் புரியும்.

இப்போது ஒரு கணக்குப் போடுவோம். ஒரு ரயிலின் மொத்த எடை 100 டன் என்று வைத்துக்கொள்ளுங்கள். 7 சதவீதச் சரிவில் புவியீர்ப்பு அதைப் பின்னுக்கு இழுக்கும் விசை 7 டன். உருளும் தடைக்கு டன்னுக்கு 5 கிலோகிராம் வீதம் இன்னும் அரை டன் சேருங்கள். ஆக 7.5 டன். சமதளத்தில் வெறும் அரை டன் விசை கேட்ட அதே ரயில் இங்கே பதினைந்து மடங்கு கேட்கிறது!

எஞ்சினின் எடை 45 டன், அதன் எல்லாச் சக்கரங்களும் மின்னோடிகளால் சுழல்கின்றன என்போம். உலர்ந்த தண்டவாளத்தில் உராய்வுக் கெழு 0.2 என்று கொண்டால் வழுக்காமல் அது கொடுக்கக்கூடிய விசை 9 டன். 9 டன் விசையால் மொத்தம் 120 டன் எடையை ஏற்றலாம். நல்லது, நம் 100 டன் ரயில் ஏறிவிடும். மழை தூறி, தண்டவாளத்தில் வாடிய இலை ஒட்டிக்கொண்டு, கெழு 0.1 ஆகக் குறைந்தால்? விசை 4.5 டன்தான். ஏற்றக்கூடிய மொத்த எடை 60 டன். எஞ்சின் தன்னையும் கூட 15 டன்னையும் மட்டும் தூக்கிச் செல்லும். ஒரு பெட்டிக்கு மேல் தாங்காது. எஞ்சினில் எவ்வளவு குதிரைத்திறன் இருந்தாலும் பயனில்லை, சக்கரம் இருந்த இடத்திலேயே சுழலும்.

இதற்கு இரண்டு வழிகள்தான் உண்டு. ஒன்று, உராய்வை நம்பாமல் பற்களை நம்புவது. ரோமன் ஆப்ட் என்ற ஸ்விஸ் பொறியியல் அறிஞர் வகுத்த முறையில், இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே பல் வெட்டிய இரும்புப் பட்டைகள் இரண்டு அடுத்தடுத்துப் பதிக்கப்படும். ஒன்றின் பல்லுக்கு நேராக மற்றதன் பள்ளம் வரும். எஞ்சினின் பற்சக்கரம் எப்போதும் ஏதாவது ஒரு பல்லைப் பிடித்துக்கொண்டே இருக்கும். நீலகிரியில் இருப்பது இந்த முறைதான். அதற்கான நீராவி எஞ்சின்களும் ஸ்விட்சர்லாந்தின் விண்டர்தூர் நகரத் தொழிற்சாலையிலிருந்து வந்தவை. (பின்னாளில் அதே வகை எஞ்சின்களைத் திருச்சி பொன்மலைப் பணிமனையிலேயே செய்துவிட்டார்கள்.)

மற்றொரு வழி, உராய்வு விசை தரும் சக்கரங்களின் எண்ணிக்கையைக் கூட்டுவது. எஞ்சின் மட்டும் இழுக்காமல் பயணிகள் பெட்டிகளின் அடியிலும் மின்னோடிகளைப் பொருத்திவிட்டால், பயணிகளின் எடையும்கூடச் சக்கரத்தைத் தண்டவாளத்தில் அழுத்தி ஏறுவதற்கு உதவும். எல்லாச் சக்கரங்களும் ஓட்டும் சக்கரங்களாக இருந்தால் 7.5 சதவீதத்துக்கு 0.075 உராய்வுக் கெழு போதும். மழையிலும் ஓரளவு கிடைத்துவிடும். அதுவும் போதாதபோது சக்கரத்துக்கு முன்னால் மணல் தூவுவார்கள்.

இந்த இரண்டாவது வழி நீராவிக் காலத்தில் முடியாது. ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு கொதிகலன் வைக்க முடியுமா? அது மட்டுமல்ல. நீராவி எஞ்சினில் பிஸ்டன் தள்ளும் விசை சக்கரத்தின் ஒரு சுற்றுக்குள்ளேயே ஏறி இறங்கும். விசை உச்சத்தை அடையும் கணத்தில் சக்கரம் வழுக்கத் தொடங்கிவிடும். மின்னோடியின் சுழற்று விசையோ சீரானது. ஆகவே வழுக்கும் எல்லைக்கு மிக அருகில் நின்று வேலை செய்ய அதனால் முடியும். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ரயில் வந்தது 1899இல். அன்றைய நிலையில் சுமார் 8 சதவீதச் சரிவுக்குப் பற்சக்கரத்தைத் தேர்ந்தெடுத்தது சரியான முடிவே. பெர்னினாவைக் கட்டத் தொடங்கியது 1906இல். அதற்குள் மின்சாரம் வந்துவிட்டது. அந்தப் பள்ளத்தாக்கிலேயே, போஸ்கியாவோ ஏரியின் நீரைக்கொண்டு மின்சாரம் எடுக்கும் நிலையம் ஒன்றும் அமைந்தது. ரயில் ஏறுவதற்கு வேண்டிய ஆற்றலை அந்த மலையில் விழும் தண்ணீரே கொடுத்தது. 1910இல் பாதை முழுவதும் திறக்கப்பட்டபோது முதல் நாளிலிருந்தே மின்சார வண்டிகள்தாம் ஓடின.

பற்சக்கரத்துக்கு நாம் கொடுக்கும் விலை வேகம். நீலகிரியில் பற்பாதையில் வண்டி மணிக்குச் சுமார் 13 கிலோமீட்டருக்கு மேல் போவதில்லை. 46 கிலோமீட்டர் ஏறக் கிட்டத்தட்ட ஐந்து மணி நேரம் ஆகிறது. வேடிக்கை பார்க்கப் போகிறவர்களுக்கு அது நஷ்டமல்ல என்பது என் கட்சி. ஆனால் தினமும் பள்ளிக்கும் சந்தைக்கும் போகிறவர்களுக்கு அது கட்டுப்படியாகுமா?

வளைவில் ஒரு தகராறு

மலையில் நேர்ப்பாதை கிடைக்காது. பெர்னினாவில் சில வளைவுகளின் ஆரம் 45 மீட்டர்தான். அப்படியொரு வளைவில் வெளிப்பக்கச் சக்கரம் உட்பக்கச் சக்கரத்தைவிட அதிக தூரம் ஓட வேண்டும். ஒரு முழு வட்டத்துக்கு இந்த வித்தியாசம் எவ்வளவு? ஆரம் எதுவாயினும் விடை ஒன்றே: 2π × பாதையின் அகலம். மீட்டர் பாதையில் 6.28 மீட்டர். நம் அகலப் பாதையில் 10.5 மீட்டர். குறுகிய பாதையை மலைக்குத் தேர்ந்தெடுப்பதற்கு இது ஒரு காரணம். மலையை வெட்டும் செலவு குறைவது மற்றொன்று.

ரயில் சக்கரங்கள் இரண்டும் ஒரே அச்சில் இறுக்கப்பட்டவை. ஒன்று வேகமாகவும் மற்றது மெதுவாகவும் சுழல வழியில்லை. அதனால் சக்கரத்தின் விளிம்பைச் சற்றே கூம்பு வடிவில் கடைந்திருக்கிறார்கள். வளைவில் அச்சு வெளிப்பக்கமாக நகரும்போது வெளிச்சக்கரம் பெரிய விட்டத்திலும் உட்சக்கரம் சிறிய விட்டத்திலும் உருளும். அருமையான யுக்தி. ஆனால் 45 மீட்டர் வளைவில் இது பலிக்காது. 70 செ.மீ. விட்டமுள்ள சக்கரம், 20க்கு 1 என்ற கூம்புச் சரிவு என்று வைத்துக் கணக்கிட்டால் அச்சு ஏறக்குறைய 8 செ.மீ. நகர வேண்டும். தண்டவாளத்துக்கும் சக்கரத்தின் உதட்டுக்கும் உள்ள இடைவெளியோ சில மில்லிமீட்டர். ஆகவே மீதியைச் சக்கரம் உரசியே சமாளிக்கிறது. மலை ரயில் வளைவில் திரும்பும்போது கேட்கும் அந்தக் கிறீச் என்ற ஓசை இந்தத் தகராறின் ஓசைதான்.

இந்தப் பாதையின் படங்களில் நீங்கள் அடிக்கடி பார்க்கக்கூடியது புரூசியோ என்ற ஊரின் வட்டப் பாலம். பள்ளத்தாக்கு அங்கே சட்டென்று சரிகிறது. நேராகப் போனால் சரிவு 7 சதவீதத்தைத் தாண்டிவிடும். எனவே பாதையை ஒரு வட்டமாகச் சுற்றி நீளமாக்கினார்கள். ஒன்பது வளைவுகள் கொண்ட கல் பாலம். நீளம் சுமார் 110 மீட்டர், ஆரம் 70 மீட்டர். மேலே ஏறும் ரயில் முதலில் பாலத்தின் வளைவு ஒன்றுக்கு அடியில் நுழைந்து, புல்வெளியைச் சுற்றி வந்து, தான் நுழைந்த வழிக்கு மேலாகவே கடக்கும். 70 மீட்டர் ஆரமுள்ள முழு வட்டத்தின் சுற்றளவு 440 மீட்டர். 7 சதவீதத்தில் அது சுமார் 30 மீட்டர் உயரத்துக்குச் சமம். இப்படிப்பட்ட சுற்றுகளை மலைக்குள் சுரங்கமாகக் குடைந்து மறைத்துவிடுவது வழக்கம். இங்கே திறந்தவெளியில் கோலம் போட்டதுபோல் கிடக்கிறது.

ஏறுவது கடினம், இறங்குவது ஆபத்து

ஏற முடியாத ரயில் நின்றுவிடும், அவ்வளவுதான். இறங்கும்போது நிறுத்த முடியாத ரயிலுக்கு என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. எனவே மலைப்பாதைப் பொறியியலில் பாதிக்கு மேல் தடைகளைப் பற்றியதுதான்.

100 டன் ரயில் 1824 மீட்டர் கீழே இறங்கும்போது இழக்கும் நிலையாற்றல்: 1,00,000 × 9.8 × 1824 ஜூல். சுமார் 179 கோடி ஜூல். மின்சாரக் கணக்கில் ஏறக்குறைய 500 யூனிட். இத்தனையையும் தடைக்கட்டைகளைச் சக்கரத்தில் அழுத்தியே போக்குவதென்றால், அந்த வெப்பம் 5000 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதும். தடைகள் பழுக்கக் காய்ந்து, உராய்வை இழந்து, கடைசியில் பிடிக்காமலே போய்விடும்.

மின்சார ரயிலில் இதற்கு நேர்த்தியான வழி உண்டு. மின்னோடியைச் சக்கரம் சுழற்றினால் அது மின்னாக்கியாகிவிடும் அல்லவா? இறங்கும்போது ரயிலின் ஆற்றல் மின்சாரமாகிறது. அதை வண்டியின் கூரைமேலுள்ள மின்தடைகளில் செலுத்தி வெப்பமாகக் காற்றில் விடலாம். இன்னும் சிக்கனமாக, மேலேயுள்ள கம்பிக்கே திருப்பி அனுப்பலாம். அதே நேரத்தில் மலையேறிக்கொண்டிருக்கும் வேறொரு ரயில் அதைப் பயன்படுத்திக்கொள்ளும். கிணற்றுச் சகடையில் ஒரு வாளி இறங்க மறு வாளி ஏறுவது போல. பெர்னினா பாதையில் 1000 வோல்ட் நேர்மின்னோட்டம் ஓடுகிறது. 2010 முதல் ஓடும் 'அல்லெக்ரா' என்ற புதிய வண்டிகள், அந்நிறுவனத்தின் மற்றப் பாதைகளிலுள்ள 11,000 வோல்ட் மாறுமின்னோட்டத்திலும் ஓடக்கூடியவை. (அல்லெக்ரா என்பது அந்த மலைநாட்டு ரோமான்ஷ் மொழியில் வணக்கம் சொல்லும் சொல்.)

மின்தடை கைவிட்டால்? பெட்டிகளில் நெடுங்காலமாகப் பயன்பட்டு வருவது வெற்றிடத் தடை. ஒரு குழாயில் வெற்றிடம் இருக்கும்வரை தடை விலகியிருக்கும். குழாய் அறுந்தாலும், பெட்டி கழன்றாலும் வெளிக்காற்று புகுந்து தடை தானாகவே விழும். பழுது ஏற்பட்டால் வண்டி நிற்க வேண்டுமேயன்றி ஓடக்கூடாது என்பது இதன் தத்துவம். இவை போதாதென்று மின்காந்தத் தடையும் இருக்கிறது. இது சக்கரத்தைப் பிடிப்பதில்லை. ஒரு மின்காந்தக் கட்டையைத் தண்டவாளத்தின்மேல் இறக்கி ஒட்டவைக்கும். ஆகவே சக்கரங்கள் வழுக்கும் நிலையிலும் இது பிடிக்கும்.

பனியும் நீரும்

பாதையைக் கட்டியபோது கோடையில் மட்டும் ஓட்டுவதாகவே எண்ணம். ஆனால் போஸ்கியாவோ பள்ளத்தாக்கு ஸ்விட்சர்லாந்தைச் சேர்ந்தது. அங்கே பேசுவது இத்தாலிய மொழி. சொந்த நாட்டின் பிற பகுதிகளுக்குப் போக அவர்களுக்கு இந்தக் கணவாயை விட்டால் அயல்நாட்டைச் சுற்றித்தான் போக வேண்டும். 1913-14 குளிர்காலத்திலிருந்து ரயில் ஆண்டு முழுவதும் ஓடுகிறது. பயணிகளோடு மரம் ஏற்றிய சரக்குப் பெட்டிகளையும் சேர்த்து இழுத்துச் செல்வது இங்கே சாதாரணம்.

பனியை அகற்ற 1910இலேயே ஒரு விசித்திர இயந்திரம் வந்தது. முன்னால் பெரிய சுழல் சக்கரம் பனியை வெட்டித் தூர எறியும். அது நீராவியால் இயங்கியது. மின்சாரப் பாதையில் நீராவியா என்று கேட்பீர்கள். பனிச்சரிவு விழுந்தால் முதலில் அறுவது மேலேயுள்ள மின்கம்பிதான். கம்பி அறுந்த இடத்துக்கே போய் வேலை செய்ய வேண்டிய இயந்திரம் அந்தக் கம்பியை நம்பியிருக்கலாமா? அந்தப் பழைய இயந்திரத்தை இன்றும் பேணி வைத்திருக்கிறார்கள்.

கணவாயின் உச்சியில் இரண்டு ஏரிகள் அருகருகே உள்ளன. லேய் நாயிர் என்றால் கரிய ஏரி; அதன் நீர் இன் நதி வழியாக டான்யூபில் சேர்ந்து கருங்கடலுக்குப் போகிறது. லாகோ பியாங்கோ என்றால் வெள்ளை ஏரி. பனியாறு அரைத்த கல்மாவு கலந்ததால் வந்த நிறம். அதன் நீர் இயற்கையாக ஓடும் திசை தெற்கு. அத்தா நதியில் சேர்ந்து, பிறகு போ நதி வழியாக ஏட்ரியாடிக் கடலை அடையும். பக்கத்துப் பக்கத்து வீடுகளின் கூரைநீர் வெவ்வேறு கடல்களுக்குப் போவது போல!

வடபுறச் சரிவில் மோர்டெராட்ச் என்ற நிலையம் இருக்கிறது. அது திறக்கப்பட்ட 1908இல் அதே பெயருடைய பனியாற்றின் முனை நிலையத்துக்குச் சற்றுத் தொலைவில்தான் இருந்தது. இன்று 2 கிலோமீட்டருக்கு மேல் நடந்தால்தான் பனியைக் காணலாம். எந்த ஆண்டில் பனி எதுவரை இருந்தது என்று வழிநெடுகப் பலகைகள் நட்டிருக்கிறார்கள். வெப்பம் கூடிவருவதை அளக்க அங்கே கருவி எதுவும் வேண்டியதில்லை, கால்கள் போதும்.

ஸ்விட்சர்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் சேரவில்லை. ஆயினும் 2008 டிசம்பரிலிருந்து ஷெங்கன் ஏற்பாட்டில் இருப்பதால் எல்லையில் வழக்கமான கடவுச்சீட்டுச் சோதனை இல்லை; சுங்கம் மட்டும் உண்டு. எல்லைக்கு அப்பால் சுமார் இரண்டரை கிலோமீட்டர் இத்தாலிய மண்ணில் ஓடினாலும் தண்டவாளம் அந்த ஸ்விஸ் நிறுவனத்தினுடையதே. திரானோவில் இரண்டு ரயில் நிலையங்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. ஒன்றில் 1 மீட்டர் தண்டவாளம் முடிகிறது. மற்றதில் 1435 மி.மீ. தண்டவாளம் மிலான் நகரை நோக்கித் தொடங்குகிறது. பயணிகள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இதிலிருந்து அதற்கு நடக்கிறார்கள்.

உங்களுக்கு ஒரு கணக்கு: மேட்டுப்பாளையம்-உதகை, ஓஸ்பிட்ஸியோ-திரானோ ஆகிய இரண்டு பாதைகளின் சராசரிச் சரிவையும் கண்டுபிடியுங்கள். இரண்டும் 5 சதவீதத்துக்குக் குறைவாகவே வரும். குன்னூருக்கு மேலே உதகை வரை 4 சதவீதச் சரிவில் நம் ரயிலும் பல் இல்லாமல்தான் ஏறுகிறது. அப்படியானால் கல்லாறு-குன்னூர் இடையே மட்டும் சரிவு 8 சதவீதம் வரை போனது ஏன்? தமிழ்நாட்டு நிலவரைபடம் ஒன்றை விரித்து, கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே உயரக்கோடுகள் எப்படி நெருங்கி நிற்கின்றன என்று பார்த்துவிட்டு விடை எழுதுங்கள்.